முழுக் கதையையும் சொன்னால்தான் உதவி கிடைக்குமா?

கேள்வி:

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 33. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அம்மா வீட்டு வேலைக்காக வெளிநாடு போனார். அப்பா குடித்துவிட்டு அடிப்பார். அந்தக் காலத்தில் எங்கள் காம்பராவில் (தோட்ட வரிசை வீடான லயத்தின் அறையில்) வந்து தங்கிய உறவினர் ஒருவர் சில வருடங்களாக என்னிடம் தவறாக நடந்துகொண்டார். பதினான்கு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கும் அடிதான். இப்போது எனக்கு எட்டு வயதில் மகள் இருக்கிறாள். கணவர் நல்லவர், கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். இரவில் கதவு அசைந்தால் என் உடம்பு நடுங்குகிறது. சில நேரம் மலையில் நிற்கும்போதே எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போய்விடுகிறது. சின்ன விஷயத்துக்கு மகளை அடித்துவிட்டுப் பிறகு அழுகிறேன். நான் அழுக்கானவள் என்ற எண்ணம் போகவே இல்லை. எங்களோடு இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. சாமி பார்ப்பவர் செய்வினை என்றார். ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டினேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள், அவள்தான் மொழிபெயர்த்தாள். அதனால் தூக்கமில்லை என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வந்தேன். வயிற்றைப் புரட்டியதால் ஐந்து நாளில் நிறுத்திவிட்டேன். அந்த உறவினர் இன்னும் திருவிழாவுக்கு வருகிறார். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னால்தான் சுகம் வரும் என்கிறார்கள். என்னால் சொல்ல முடியாது. நான் எங்கே போவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுத்தான் கடிதத்தை மேலே தந்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு முதலிலேயே நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. இப்போது தேவையில்லை, முதல் நாளில் நிச்சயமாகத் தேவையில்லை. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் முடிவு. சிறு வயதில் உங்கள் உடம்பின் மீது உங்களுக்கு எந்த உரிமையும் இல்லாமல் செய்தார்கள். சிகிச்சை என்ற பெயரில் உங்கள் கதையின் மீதும் உரிமை இல்லாமல் செய்ய யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பவை ஒவ்வொன்றும் தனித்தனி நோய்கள் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அவை எல்லாம் ஒரே வேரில் இருந்து வருபவை. ஒரு விபத்தோ ஒரு மண்சரிவோ விட்டுச்செல்லும் மனவடு ஒரு வகை. குழந்தைப் பருவத்தில், தப்பிப் போக இடமில்லாத வீட்டில், நம்பியிருக்க வேண்டியவர்களாலேயே திரும்பத் திரும்ப நடந்தது விட்டுச்செல்லும் மனவடு இன்னொரு வகை. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது சர்வதேச நோய் வகைப்பாடு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இந்த இரண்டாவது வகையைச் சிக்கலான மனவடு நோய் (Complex PTSD) என்ற தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. பழையது இப்போது நடப்பது போலத் திரும்ப வருதல், அதை நினைவூட்டுவதை எல்லாம் தவிர்த்தல், ஆபத்து இன்னும் அருகிலேயே இருப்பது போல உடம்பு விழித்திருத்தல் ஆகிய மூன்றோடு, கோபத்தையும் அழுகையையும் அடக்க முடியாமை, தன்னைத் தாழ்வாகவும் அழுக்காகவும் எண்ணுதல், நெருங்கியவர்களோடு ஒட்ட முடியாமை ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதுதான் அதன் இலக்கணம். உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். அனேகமாக எல்லாமே அதில் இருக்கின்றன. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது, அதை ஒரு வைத்தியர்தான் செய்ய வேண்டும். ஆனாலும் இது செய்வினையும் இல்லை, உங்கள் குணமும் இல்லை என்பதை என்னால் தயங்காமல் சொல்ல முடியும். இது குணமாகக்கூடியது. மெதுவாகக் குணமாகும்.

மனவடுச் சிகிச்சைத் துறையில் இருப்பவர்களில் பலர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிகிச்சையை மூன்று கட்டமாகவே பார்க்கிறோம். முதலில் பாதுகாப்பும் உடம்பின் அமைதியும். பிறகுதான், அதுவும் விரும்பினால், நடந்ததைப் பேசுவதும் இழந்ததற்காக அழுவதும். அதன் பின் உறவுகளுக்கும் அன்றாட வாழ்வுக்கும் திரும்புவது. சரிந்த மலைச்சரிவில் முதலில் மண்ணை ஆழத் தோண்டுவதில்லை. ஊறி நிற்கும் தண்ணீர் வடிய வழிசெய்கிறார்கள். தோண்டினால் மறுபடி சரியும். வாய்விட்டுச் சொன்னால் சுகம் வரும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். தூக்கமே இல்லாத, இரவில் கதவுக்குப் பயப்படுகிற ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லச் செய்தால், அவர் வீட்டுக்குத் திரும்பும்போது இன்னும் மோசமாக இருக்கக்கூடும்.

பாதுகாப்பு என்று வரும்போது ஒன்றை மென்மைப்படுத்தாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த உறவினர் இன்னும் வந்துபோகிறார். உங்களுக்கு எட்டு வயதில் மகள் இருக்கிறாள். திருவிழா நாட்களில் லயத்தில் எல்லாக் கதவும் திறந்திருக்கும், பெரியவர்கள் கோயிலில் இருப்பார்கள். மகள் ஒரு நிமிடமும் அவரோடு தனியாக இருக்கக் கூடாது. அவர் உங்கள் காம்பராவில் இரவு தங்கக் கூடாது. காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "இந்த முறை எங்களுக்கு வசதிப்படாது" என்பது போதும். முகம் கோணினால் கோணட்டும். தன் உடம்பை யாராவது தொட்டு, அதை இரகசியம் என்று சொன்னால் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா ஏச மாட்டார் என்று மகளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். அவரால் மகளுக்கோ வேறு ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்று சந்தேகம் வந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். உங்களுக்கு நடந்ததற்காகப் பொலிசுக்குப் போவதா இல்லையா என்பது வேறு கேள்வி. அதை இன்று முடிவுசெய்யத் தேவையில்லை. என்றாவது யோசிக்கத் தோன்றினால் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம்.

இனி எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். மலையகத்தில் இதற்கென்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடத்தை எதிர்பார்த்தால் காத்திருப்பிலேயே காலம் போய்விடும். கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று பல கைகளில் இருந்துதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

முதலில் அரச வைத்தியசாலையின் உளநல கிளினிக். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் உங்களுக்கு எது பஸ் வசதியோ அங்கே கேளுங்கள். கிளினிக் எந்தக் கிழமை, தமிழ் பேசும் வைத்தியரோ தாதியோ எந்த நாளில் இருக்கிறார் என்ற இரண்டையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பணம் உங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். அதனால்தான் வீண் அலைச்சல் இல்லாமல் போகச் சொல்கிறேன். அங்கே சிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாத ஒன்று. அயல்வீட்டுப் பெண்ணை நடுவில் நிற்கவைத்துக்கொண்டு எந்தப் பெண்ணால் இதைப் பேச முடியும்? 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முதல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் பேச ஒருவரைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. "இவர் எனக்குத் தெரிந்தவர், இவர் முன்னால் பேச விருப்பமில்லை, வேறு ஒருவர் வரும்வரை காத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்வது கஷ்டம் என்றால் எழுதிக் கொடுங்கள். சொல்லப்போனால், முதல் நாளில் எதையுமே வாயால் சொல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாலே போதும். இப்படி எழுதலாம்: "சிறு வயதில் பல வருடங்கள் எனக்குக் கொடுமை நடந்தது. அதைப் பற்றி இப்போது பேச முடியாது. தூக்கம் இல்லை, பயம், சில நேரம் நினைவு தவறுவது போல ஆகிறது, பிள்ளை மீது கோபம் வருகிறது. இவற்றுக்கு உதவி வேண்டும்." சிகிச்சையைத் தொடங்க ஒரு வைத்தியருக்கு இவ்வளவும் போதும்.

உளநல கிளினிக் வரிசையில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால் வேறு வாசல்களும் உண்டு. பல அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் மிதுரு பியச என்று பலகை இருக்கும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகவே அமைக்கப்பட்டது. அங்கிருப்பவர்கள் இப்படிப்பட்டதைக் கேட்டுப் பழகியவர்கள். தேவையானால் வைத்தியரிடம் அவர்களே அனுப்புவார்கள். உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப், நம்பக்கூடியவர் என்றால் அவரிடமும் கேட்கலாம். மிட்வைஃபோடு ஒரு பெண் பேசுவதை லயத்தில் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். மாத்திரை எதுவும் இல்லாமல் மாதம் இரண்டு முறை உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும் என்றால் நான் முதலில் பிரதேச செயலகத்தைத்தான் சொல்வேன். கிளினிக் வைத்தியருக்கு உங்களோடு நீண்ட நேரம் பேச அவகாசம் இருக்காது, அங்கே வரிசை அவ்வளவு நீளம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிலேயே உதவி வேண்டும் என்றால் 1926. அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். 1333 என்ற இலக்கமும் மன நெருக்கடியில் இருப்பவர்களுக்கானது. பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றியதென்றால் 1938. பெயர் சொல்லத் தேவையில்லை, தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும் என்பதால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலோ ரோட்டோரத்திலோ ஆளில்லாத நேரம் பார்த்து அழையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் கேட்காமல் விட எனக்கு மனமில்லை. அந்த எண்ணம் வந்துபோகிறது என்றால் வீட்டில் களைகொல்லி, பூச்சிமருந்துப் போத்தல் எதுவும் இருக்க வேண்டாம், இன்றே அப்புறப்படுத்துங்கள், 1926ஐ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 1990 இலவச அம்பியுலன்ஸ்.

நல்ல ஆலோசகரை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். உங்கள் பேச்சு இரகசியமாக இருக்கும் என்பதையும், உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் சொல்ல நேரிடும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்வார். இன்று நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்பார். நீங்கள் "போதும்" என்றால் நிறுத்துவார். முதல் சந்திப்பிலேயே என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று துருவுகிறவர், மன்னித்துவிடு, மறந்துவிடு, குடும்ப மானம் என்று புத்தி சொல்கிறவர், உங்களைக் கேட்காமல் கணவரையோ தோட்டத் தலைவரையோ கூப்பிட நினைக்கிறவர் யாராக இருந்தாலும் அங்கே மறுபடி போகாதீர்கள். ஒருவர் சரியில்லை என்பதற்காகத் தேடுவதையே விட்டுவிடாதீர்கள். பலருக்கு இரண்டாவது, மூன்றாவது ஆளிடம்தான் மனம் ஒட்டுகிறது.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு என்ன மருந்து தந்தார்கள் என்பது கடிதத்தில் இல்லை. இந்த நிலைக்கு வழக்கமாகத் தரும் செர்ட்ராலின், ஃபுளுஒக்செற்றின் போன்ற மருந்துகள் ஆரம்ப நாட்களில் வயிற்றைப் புரட்டும். அனேகருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அது குறைந்துவிடும். பலன் தெரிய நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதாவது, நன்மை வருவதற்கு முன் தொல்லை வந்துவிடுகிறது. இதை அன்று யாராவது தமிழில் விளக்கியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறவர் நீங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாமா, குறைந்த அளவில் தொடங்கலாமா என்று அடுத்த முறை கேளுங்கள். பழைய மாத்திரைகளை நீங்களாக மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். கிளினிக் கொப்பியையும் மீதி மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள். மருந்து தூக்கத்தையும் பதற்றத்தையும் சற்றுச் சீராக்கும். நான் அழுக்கானவள் என்ற எண்ணத்தை மருந்து மாற்றாது. அதற்கு நம்பிக்கையான ஒருவரோடு நீண்ட நாள் பேச்சு வேண்டும்.

மலையில் நிற்கும்போது எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போவது சரிவான இடத்தில் ஆபத்தானதும்கூட. அது வருவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது அடையாளம் தெரியும். காது அடைக்கலாம், கை மரத்துப் போகலாம், சத்தம் தூரத்தில் கேட்கலாம். அப்போது பறிப்பதை நிறுத்துங்கள். இரண்டு காலையும் மண்ணில் ஊன்றுங்கள். இடுப்பில் கட்டியிருக்கும் படங்கை இரு கையாலும் இறுகப் பிடியுங்கள். கண்ணில் படுவதன் பெயர்களை மெதுவாகச் சொல்லுங்கள்: மரம், ரோடு, தேயிலைத் தொழிற்சாலை, அடுத்த நிரையில் நிற்பவரின் பெயர். இன்று என்ன கிழமை, எனக்கு வயது 33, என் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். படங்கு மடிப்பில் ஒரு துண்டு இஞ்சி வைத்திருந்து கடித்தாலும் பலன் உண்டு. அந்தக் காரம் உடம்பை இந்த நேரத்துக்கு இழுத்து வரும். நன்றாக இருக்கும் நாட்களிலும் இதைப் பழகுங்கள். பதறும் நேரத்தில் மட்டும் முயன்றால் கைகொடுக்காது.

மகளை அடிப்பது பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை அதிக நேரம் நிறுத்தியது. உங்கள் அப்பா உங்களை அடித்த பிறகு ஒருநாளும் திரும்பி வந்து பேசியிருக்க மாட்டார். நீங்கள் பேசலாம். கோபம் ஏறுவது தெரிந்ததும் "அம்மாவுக்குக் கோபம் வருகிறது, வெளியே நின்றுவிட்டு வருகிறேன்" என்று வாசலுக்குப் போய்விடுங்கள். தவறி அடித்துவிட்டால் அழுது அவளைப் பயமுறுத்தாமல், அமைதியான பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அம்மா அடித்தது பிழை. உன் மீது தப்பில்லை. அம்மா இதைச் சரிசெய்யப் பழகுகிறேன்." எட்டு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். ஆனால் இதை ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டியிருந்தால், மகளுக்கு அடி விழுகிறது என்பதையும் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பல தாய்மார் இதை மறைக்கிறார்கள். உதவி கேட்டு வரும் தாயோடு சேர்ந்து வேலை செய்யவே ஆலோசகர் விரும்புவார்.

அம்மா மீது வரும் கோபத்துக்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளாதீர்கள். அவர் ஏன் போனார் என்பது முப்பத்து மூன்று வயதில் உங்களுக்குப் புரிகிறது. தோட்டத்துக் கூலியில் கடனை அடைக்க முடியாமல் நம் மலையகத்தில் இருந்து எத்தனையோ தாய்மார் அப்படித்தான் போனார்கள். ஆறு வயதில் தனியாக விடப்பட்ட பிள்ளைக்கு அந்தப் புரிதலால் எந்தப் பயனும் இல்லை. அவளுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. இரண்டும் உங்களுக்குள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த வருடமே அம்மாவோடு பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று உங்களை நெருக்காதீர்கள். அங்கே அவருக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

கோயிலுக்குப் போய் விளக்கேற்றினால் மனம் ஆறுகிறது என்றால் தாராளமாகப் போங்கள், அதையும் நான் மருந்தாகவே மதிக்கிறேன். செய்வினை என்று சொல்லிப் பணம் கேட்கிறவரிடம், பட்டினி போடச் சொல்கிறவரிடம், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். மாதர் சங்கமோ தையல் வகுப்போ இருந்தால் சேருங்கள். அங்கே உங்கள் கதையைச் சொல்ல வேண்டாம். நாலு பேரோடு சிரித்து உட்கார்ந்திருப்பதற்காகவே போகலாம்.

கணவரிடமும் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. "சின்ன வயதில் எனக்குக் கெட்டது நடந்திருக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆனால் இரவில் வரும்போது கதவைத் தொடுவதற்கு முன் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் செய்வார். அவர் அடுத்த முறை வரும் நாளைக் கிளினிக் நாளோடு பொருத்த முடியுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர அவர் இருந்தால் நீங்கள் அவசரமில்லாமல் வரிசையில் இருக்கலாம். கிளினிக் கொப்பியை வீட்டில் பிறர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். போய்வந்த பிறகு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அங்கே ஆள் சரியில்லை என்றாலும் எழுதுங்கள், அடுத்த வாசல் எது என்று சேர்ந்து பார்ப்போம்.